டென்னசியில் நடைக்குதிரை பழக்கும் குடும்பப் பண்ணை: மகளை நம்பி அனுப்பலாமா?

மலைக்காற்று (கேள்வி)

வணக்கம். நாஷ்வில் வந்து நான்கு வருடமாகிறது. மகளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளித் தோழி வீட்டில் டென்னசி வாக்கர் குதிரையில் ஒருமுறை ஏறிச் சுற்றிவந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. "குலுக்கவே இல்லைப்பா, பரிசலில் போற மாதிரி இருந்துச்சு" என்கிறாள். பரிசலில் அவள் போனது ஒகேனக்கலில் ஒரே ஒரு தடவை. அது இன்னும் நினைவில் இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம்.

ஷெல்பிவில் பக்கம் மூன்று தலைமுறையாக இந்தக் குதிரைகளைப் பழக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பிள்ளைகளுக்கும் கற்றுத் தருகிறார்களாம். போனில் அன்பாகப் பேசினார்கள், சனிக்கிழமை வரச் சொன்னார்கள். அப்புறம் இரவு உட்கார்ந்து இந்த இனத்தைப் பற்றிப் படித்தேன். குதிரையின் காலில் ரசாயனம் தடவி, அந்த வலியில் அது காலைத் தூக்கித் தூக்கி வைப்பதைக் காட்டிப் பரிசு வாங்குகிறார்கள் என்று படித்ததும் மனசு கெட்டுவிட்டது.

எனக்குக் குதிரையைப் பற்றி எதுவும் தெரியாது. குதிரை வாங்குவதெல்லாம் அப்புறம். ஒரு பிள்ளையை வாராவாரம் நம்பி விட்டுவிட்டு வருகிற இடம். அங்கே இருக்கும் மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஒரு காலைப் பொழுதில் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? இந்தப் பண்ணைகளோடு பழகிய யாராவது சொல்லுங்கள்.

கம்பர்லாந்து கரை

நான் சொல்வது கசப்பாக இருக்கும். வேண்டாம். ஷெல்பிவில்லில் ஆகஸ்ட் கடைசியில் பதினொரு நாள் நடக்கும் பெரிய போட்டிக்கு அலுவலக நண்பர் ஒருமுறை அழைத்துப் போனார். முன்னங்கால் குளம்பின் அடியில் அடுக்கடுக்காகப் பட்டை வைத்து உயர்த்தி, கணுக்காலில் சங்கிலி மாட்டி, குதிரை பின்னங்காலில் குந்தினாற்போல உட்கார்ந்து முன்காலை மார்பு வரை வீசுகிறது. சுற்றி இருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். என்னால் அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. கால்களைப் புண்ணாக்குவதைத் தடுக்க 1970இலேயே சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் ஒளிவுமறைவாக நடக்கிறது. பிள்ளைக்குக் குதிரை ஏற ஆசை என்றால் குவார்ட்டர் ஹார்ஸ் என்ற வேறு இனக் குதிரைகளை வைத்திருக்கும் பள்ளியில் சேருங்கள்.

வண்டிக்காரர் பேத்தி

என் தாத்தா பழனி அடிவாரத்தில் குதிரை வண்டி ஓட்டியவர். நான் இப்போது மர்ஃப்ரீஸ்பரோவில் இருக்கிறேன். ஷெல்பிவில்லுக்கும் வார்ட்ரேஸுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பண்ணைக்கு ஆறு வருடமாக சனிக்கிழமை தவறாமல் போய்வருகிறேன். முதலில் என் குதிரையைப் பழக்குவதற்காகக் கொண்டுவந்தவளாகப் போனேன். இப்போது பாதி வேலையாள், பாதி வீட்டு மனுஷி. அவர்கள் பெயரைப் பொதுவில் எழுத மாட்டேன், அவர்களுக்கு அது பிடிக்காது.

முந்தைய நண்பர் சொன்னதில் ஒரு வார்த்தையையும் நான் மறுக்கவில்லை. என் பெட்டைக் குதிரையே அதற்குச் சாட்சி. வேறொரு கவுண்டியில் ஒரு பயிற்சியாளரிடம் வாங்கினேன், ஒன்பது வயது, கறுப்பு. முன்னங்கால் இரண்டிலும், குளம்புக்குச் சற்று மேலே பின்பக்கம், தோல் வரிவரியாகத் தடித்திருந்தது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்து அப்படியே காயவைத்தால் மடிப்பு நிற்குமே, அந்த மாதிரி. இந்த இனத்துக்கே அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். காலைத் தொடப்போனால் உடம்பின் கனம் முழுவதையும் பின்னங்காலுக்குத் தள்ளி நடுங்குவாள். "கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றார் விற்றவர். நான் அதையும் நம்பினேன்.

இந்தக் குடும்பத்திடம் அவளைக் கொண்டுபோன அன்று பெரியவர் மண்டியிட்டு உட்கார்ந்து அந்த மடிப்பின் மேல் கட்டைவிரலை வைத்தார். வைத்தார், அவ்வளவுதான், அழுத்தவில்லை. அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவர் எதுவும் பேசாமல் எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். மருமகள்தான் எனக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார்: கடுகெண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் இப்படி எரிகிற எதையாவது தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டி ஊறவிடுவார்கள் என்று. நம் வீட்டில் குழந்தைக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் தேய்க்கும் கடுகெண்ணெய். அந்தப் பெயரை அந்த இடத்தில் கேட்டதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஆனால் நண்பரே, குலுக்காத இந்த நடை வலியிலிருந்து வருவது கிடையாது. அது பிறவியிலேயே இருக்கிறது. பிறந்து சில நாளே ஆன குட்டி தாயோடு ஓடும்போது பாருங்கள், தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு அதே நடையில் போகும். போட்டி மைதானத்துக்காக அதை ஊதிப் பெருக்கிக் காட்டத்தான் அந்தக் கொடுமையெல்லாம். பெரிய பண்ணை வயல்களைச் சுற்றிப்பார்க்க, வைத்தியர் வீடு வீடாகப் போக, பாதிரியார் ஊர் ஊராகப் போக என்று இந்த இனத்தை வளர்த்தார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்கக் கூடாது, அதுதான் தேவை. 1886இல் பிறந்த பிளாக் ஆலன் என்ற ஆண் குதிரையை 1903இல் ஜேம்ஸ் பிரான்ட்லி என்பவர் டென்னசிக்குக் கொண்டுவந்தார். பந்தயத்துக்குப் பயன்படாது என்று பலர் கைமாற்றிவிட்ட குதிரை. இன்றைக்கு இருக்கும் வாக்கர்களின் வம்சம் அதில்தான் போய் முடிகிறது. 1935இல் லூயிஸ்பர்க்கில் சங்கம் தொடங்கினார்கள், 1939இல் ஷெல்பிவில் போட்டி. முதல் வருடம் வென்ற ஸ்ட்ரோலிங் ஜிம் வார்ட்ரேஸில் பழகிய குதிரை. அந்த ஊர் பழைய ஹோட்டலின் பின்பக்கம் அதற்குக் கல்லறை இருக்கிறது, போனால் பாருங்கள்.

சரி, நீங்கள் கேட்டது மனிதர்களைப் பற்றி.

பெரியவருக்கு 79 வயது. அவர் அப்பா தொடங்கிய பண்ணை. அவரும் போட்டிக்குக் குதிரை பழக்கியவர்தான், அதை மறைக்க மாட்டார். பட்டை, சங்கிலி எல்லாம் இந்த லாயத்திலும் இருந்தன. 2006இல் ஷெல்பிவில்லில் கடைசி நாள், கால் புண்ணாக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில் குதிரைகள் தேறாமல், அந்த வருடத்துக்கு உலக மகா சாம்பியன் என்று எந்தக் குதிரையையும் அறிவிக்கவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் மருமகள் சொன்னாராம்: நம் லாயத்தில் இனிமேல் இது வேண்டாம், வேண்டுமென்றால் நான் என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன். கல்யாணமாகி வந்து சில வருடமே ஆன பெண், மாமனார் முகத்துக்கு நேரே. பெரியவர் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் சங்கிலிகளை எல்லாம் ஒரு தீவனச் சாக்கில் போட்டுப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

அந்தக் குளிர்காலத்தில் இருபத்திரண்டு கொட்டடியில் பதினான்கு காலியானது. குதிரைக்காரர்கள் ஒவ்வொருவராக டிரெய்லரோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். மகன் அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு லாடம் அடிக்கப் போய்த்தான் இரண்டு வருடம் குடும்பம் ஓடியது. இன்றும் பாதி வருமானம் அவருடைய லாட வண்டியிலிருந்துதான். "அடுத்த லாயத்தில் நடந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்" என்று பெரியவர் என்னிடம் சொன்னபோது நாங்கள் இருவரும் வேலிக்கம்பத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தோம். அவர் தலைநிமிரவில்லை. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் என் குதிரையை அங்கேயே விட்டுவைத்தேன்.

பெரியவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. லாயத்திலிருந்து சாலை வரை தார் போட்ட சின்னப் பாதை உண்டு. அதன் ஓரம் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார். மருமகள் இளங்குதிரையில் ஏறி அந்தப் பாதையில் போய்வருவார். இவர் கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்பார். பின் இடது, முன் இடது, பின் வலது, முன் வலது. நான்கு குளம்பும் நான்கு தனி ஓசையாக, சம இடைவெளியில் விழ வேண்டும். ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஓசை இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும், நடை கெட்டுவிட்டது என்று அர்த்தம். எனக்கு முதலில் இது பிடிபடவே இல்லை. அப்புறம் ஒருநாள் அந்தச் சத்தத்தை மனசுக்குள் 'தகதிமி தகதிமி' என்று போட்டுப் பார்த்தேன், சட்டென்று விளங்கிவிட்டது. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் மிருதங்க வகுப்பு நடக்கும், அந்த ஞாபகம். பெரியவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். இப்போது ஓசை சரியாக விழுந்தால் நாற்காலியிலிருந்து "டக்கடிமி!" என்று குரல் வரும். தெற்கத்திக்காரர் வாயில் அது கேட்க அவ்வளவு அழகு.

ஓசை ஒட்டிக்கொண்டால் மருமகள் சவுக்கைத் தேடிப் போக மாட்டார். வேகத்தைக் குறைத்து வெறும் நடைக்குக் கொண்டுவந்துவிடுவார். புல் உயரமாக இருக்கும் மேய்ச்சலில் நடத்துவார், இல்லாவிட்டால் தரையில் கட்டைகளை இடைவெளி விட்டுப் போட்டு ஒவ்வொன்றாகத் தாண்டவைப்பார். காலை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தே தீர வேண்டும் அல்லவா. மழை பெய்த மறுநாள் ஈரமண்ணில் தடம் பார்ப்பது பேத்தியின் வேலை. முன்குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டிப் பின்குளம்பு விழ வேண்டும். எங்கள் பண்ணையில் ஒரு சிவப்புக் குதிரை ஒரு சாணுக்கு மேலேயே தாண்டும். அந்தப் பெண் மர்ஃப்ரீஸ்பரோ பல்கலைக்கழகத்தில் குதிரை அறிவியல் படிக்கிறாள். வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டதுக்கு அங்கே பெயர் தெரிந்துகொள்கிறாள்.

என் பெட்டைக்கு என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். முதல் மூன்று வாரம் யாரும் ஏறவில்லை. தினமும் காலையில் மருமகள் தோளில் கை வைத்து, மெல்லக் கீழே இறக்கி, அவள் நடுங்கும் இடத்துக்கு ஒரு விரல் மேலேயே கையை நிறுத்திவிடுவார். நின்று, மூச்சுவிட்டு, கையை எடுத்துவிடுவார். அவ்வளவுதான் அன்றைய வேலை. மறுநாள் ஒரு விரல் கீழே. இருபத்திமூன்றாம் நாள் குளம்பைத் தூக்கிக் கையில் கொடுத்தாள். நான் லாயத்தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாதக் கடைசியில் காசு கொடுக்கப்போனால் வாங்கவில்லை. "நான் எங்கே பழக்கினேன், தொட்டுத்தானே பார்த்தேன்" என்றார்.

இன்னொன்று. ஜனவரி மாதம் காலையில் இங்கே இரும்பு தொட்டால் கையில் ஒட்டும். கடிவாளத்தின் இரும்பை அந்த அம்மா ஜாக்கெட்டுக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டே மற்ற வேலைகளைப் பார்ப்பார். சூடேறின பிறகுதான் குதிரை வாயில் வைப்பார். கொள் என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று நம் ஊரில் குதிரையைக் குறைசொல்வோம். இந்த லாயத்தில் கடிவாளத்துக்கும் வாயைத் திறக்கின்றன, என் கண்ணால் பார்க்கிறேன்.

பாட்டியைச் சொல்லாமல் விட்டால் பாவம். சினைக்குதிரைகள் முழுக்க அவர் பொறுப்பு. இந்தப் பக்கம் மேய்ச்சல் எல்லாம் ஃபெஸ்க்யூ புல். அந்தப் புல்லுக்குள் இருக்கும் ஒரு பூஞ்சை, பிரசவம் நெருங்கும் குதிரைக்கு ஆகாது. பால் சுரக்காது, நாள் தள்ளிப்போகும், குட்டியே தங்காமல் போகலாம். அதனால் கடைசி மூன்று மாதம் வேறு புல்லுக்கு மாற்றிவிடுவார். எந்தக் குதிரைக்கு எந்தத் தேதி என்று சமையலறைக் காலண்டரில் பென்சிலால் குறித்துவைத்திருப்பார். பேரப்பிள்ளைகள் பிறந்தநாளும் அதே காலண்டரில்தான்.

உங்கள் சனிக்கிழமைக்கு வருகிறேன். எல்லாக் கொட்டடியையும் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள், பின்னால் இருப்பது உட்பட. முன்னங்கால்களைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்டதும் அவர்கள் முகத்தைப் பாருங்கள். லாடம் அடிக்கும் நாளில் வந்து வேடிக்கை பார்க்கலாமா என்றும் கேளுங்கள், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் லாடத்தில்தான் தொடங்கும். உங்களால் பழக்க முடியாமல் போன குதிரை எது என்று ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல வீட்டில் அதற்கு ஒரு கதையும் அந்தக் கதையில் அவர்கள் செய்த தப்பும் இருக்கும். மகளை வந்த அன்றே சேணத்தில் ஏற்றிப் படம் எடுத்துக்கொடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள். சாணி அள்ளச் சொன்னால் சந்தோஷப்படுங்கள்.

ஓசார்க் கால்நடை

மிசௌரியில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன், இங்கே ஃபாக்ஸ் டிராட்டர் என்ற இன்னொரு சொகுசு நடைக் குதிரை இனம் அதிகம். 1948இல் ஏவா என்ற சிற்றூரில் அந்த இனத்துக்குச் சங்கம் தொடங்கினார்கள், அதுவும் பெரும்பாலும் குடும்பப் பண்ணைகளின் குதிரைதான்.

நடை பிறவியிலேயே உண்டு என்று அக்கா சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. 2012இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஐஸ்லாந்துக் குதிரைகளை ஆராய்ந்து, டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கால்கள் எந்த ஒழுங்கில் அசைய வேண்டும் என்று தண்டுவடத்தில் தீர்மானிக்கும் நரம்புகளில் அந்த மரபணு வேலை செய்கிறது. டென்னசி வாக்கர்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்த மாற்றம் இருக்கிறது. 2016இல் பழைய குதிரை எலும்புகளைச் சோதித்தபோது, ஒன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் குதிரைகளில் அது முதலில் தென்பட்டது. நம் ராஜஸ்தான் மார்வாரிக் குதிரைகளிலும் 'ரேவால்' என்று ஒரு சொகுசு நடை உண்டு, கேட்டிருப்பீர்கள்.

மருத்துவராக ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். வலி இருக்கும் குதிரை தொடும்போது மட்டுமல்ல, சும்மா நிற்கும்போதும் அதைக் காட்டிக்கொடுக்கும். கொட்டடியில் நிற்கும்போதே பாருங்கள். முன்னங்கால்களை முன்னே நீட்டி, கனத்தைப் பின்னால் போட்டு நிற்கிறதா, பகல் நேரத்திலும் அதிகமாகப் படுத்தே கிடக்கிறதா. குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தச்சோகை இல்லை என்று காட்டும் ரத்தப் பரிசோதனைச் சான்று, அதாவது காகின்ஸ், அந்த வருடத்தினுடையதா என்றும் கேட்டுவிடுங்கள். ஒழுங்கான பண்ணையில் அது உடனே எடுத்துக்காட்டும் இடத்தில் இருக்கும்.

மலைக்காற்று

எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்தேன். முன்பக்கத்து லாயம் பளிச்சென்று இருந்தது, காபி கொடுத்தார்கள், மகளை உடனே ஏற்றிப் படமும் எடுத்தார்கள். பின்னால் இருக்கும் நீளக் கொட்டகையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அங்கே இருப்பவை வேறு ஆட்களுடைய குதிரைகள், அவர்களுக்குப் பிடிக்காது" என்றார்கள். லாடம் அடிக்கும் நாளைக் கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. குற்றம் சொல்ல என்னிடம் எதுவும் கிடையாது, நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் காட்ட மாட்டோம் என்ற இடத்தில் என் பிள்ளையை விட மனசு வரவில்லை. காரில் வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அந்தக் கொட்டகையில் ஒரு குதிரை கட்டையில் இடிச்சுக்கிட்டே இருந்துச்சுப்பா, உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். எனக்குக் கேட்கவில்லை அக்கா.

வண்டிக்காரர் பேத்தி

தம்பி, கட்டையில் இடிக்கும் குதிரைக்கு வலிதான் இருக்க வேண்டும் என்றில்லை. பசி, சலிப்பு, தனிமை எதுவாகவும் இருக்கலாம். அதை மகளிடமும் சொல்லுங்கள், பாவம் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவ்வளவு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது பின்கொட்டகைச் சத்தத்தைப் பிடித்த காது இருக்கிறதே, அந்தக் காதை நான் பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறேன். நேற்று அவரிடம் சொன்னேன். வரும் சனிக்கிழமை கூட்டிவரச் சொன்னார்.

காலை எட்டு மணி. அன்று மகன் லாடம் அடிக்கிறார், என் கறுப்பிக்கும் முறை, ஏழு வாரமாகிவிட்டது. மகளுக்குக் குதிகால் வைத்த பூட்ஸ் வேண்டும், விளையாட்டு ஷூ அங்கவடிக்குள் வழுக்கி மாட்டிக்கொள்ளும். தலைக்கவசம் அங்கேயே இருக்கிறது. வாசலில், குதிரையால் விபத்து நேர்ந்தால் பண்ணை பொறுப்பாகாது என்று சட்டப்படி ஒரு பலகை மாட்டியிருக்கும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள், இந்த மாநிலத்தில் எல்லாப் பண்ணையிலும் இருக்கும். முதல் நாள் அவளை ஏற்ற மாட்டார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொடுப்பார்கள். பத்து மணி வாக்கில் மருமகள் ஒரு இரண்டரை வயதுக் குட்டியோடு தார்ப்பாதைக்கு வருவார். அப்போது அவளைப் பெரியவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். இரண்டாவது நாற்காலி போட்டுவைக்கிறேன்.